திகனைச் சுண்ணாம்பும் ஏழாம் நம்பர் மலையும்

மலைத்தடம் – 6

சென்ற வாரம் ஹந்தானையிலிருந்து புறப்பட்டுக் கலஹாவில் வந்து நின்றோம். அதில் சுண்ணாம்புக்கல் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். யாழ்ப்பாண நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "சுண்ணாம்புக்கல் பார்க்க எங்கட பக்கம் அல்லவா வரவேண்டும்? கண்டியில் கருங்கல்லைத் தவிர என்ன கிடக்கு?"

பாதி நியாயம்தான். யாழ்ப்பாணத்துக் கல் மயோசீன் காலக் கடலடியில் படிந்தது. மழைநீர் அதைக் கரைத்து உள்ளே இறங்கிவிடும். அதனால்தான் அங்கே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை, கீரிமலையில் கடலோரத்திலேயே நன்னீர் ஊறுகிறது. கண்டிப் பக்கத்துக் கல்லும் கடலடியில் பிறந்ததுதான். ஆனால் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே நிலத்துக்கடியில் ஆழமாகப் புதைந்து, வெந்து, நெருக்குண்டு பளிங்காகிவிட்டது. உடைத்தால் கல்கண்டு போல மினுங்கும். குண்டசாலை, திகனை, மாத்தளை என்று அது பட்டை பட்டையாக ஓடுகிறது. மழைக்கு இந்தக் கல் சீக்கிரம் கரைந்து பள்ளமாகும். பக்கத்தில் உள்ள கடினக் கல் மேடாக நிற்கும். ஆகவே கண்டியில் சுண்ணாம்பு தேடுகிறவர் மேலே ஏறக்கூடாது, கீழே பார்க்க வேண்டும்.

நாங்கள் ஏறினோம். தெல்தோட்டை டவுனிலிருந்து லூல்கந்துரைக்கு. துணைக்கு ஜிம்மி, இங்கத்தைய இன்னொரு நண்பர் வீட்டு நாய். சாதி கேட்டால் நாட்டு நாய்தான். ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாப் பக்கம் வரை 22 கட்டங்களாக, 300 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பெக்கோ ட்ரெயிலின் இரண்டாம் கட்டம் கலஹாவிலிருந்து லூல்கந்துரைக்குப் போகிறது. வெளிநாட்டவர் முதுகுப் பையோடு நடக்கும் அந்தத் தடத்தில் பெரும்பகுதி, தோட்டத்து ஆட்கள் வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்து தேய்த்த பாதை.

மலையேற்றத்தில் நாய் நல்ல துணை என்று சொல்கிறவர்கள் தேயிலை மலையில் நாயோடு நடந்திருக்க மாட்டார்கள். மரத்திலோ பாறை இடுக்கிலோ குளவிக்கூடு இருக்கும். நாய் குரைத்துக்கொண்டு அதில் முட்டினால் கொட்டு வாங்குவது நாய் மட்டுமல்ல, பக்கத்தில் கொழுந்து பறிக்கும் பத்துப் பெண்களும்தான். குளவி கொட்டித் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரிக்குப் போன செய்தி மலையகப் பத்திரிகைக்குப் புதிதல்ல. இரண்டாவது ஆபத்து கம்பி. காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்கு எது கழுத்தைக் கொடுத்தாலும் இறுக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் அப்படி ஒரு கம்பியில் மாட்டிய கருஞ்சிறுத்தை, உடவளவையில் சிகிச்சை கொடுத்தும் செத்துப்போனது.

காட்டுத்தொங்கலை நெருங்கும்போது கொழுந்துக்கூடையோடு வந்த அம்மா ஒருவர் சத்தம் போட்டார். "தம்பி, நாயக் கட்டிப் புடிங்க. மேல கம்பி வச்சிருக்கானுக. புலியும் நடமாடுது." தோட்டத்தில் சிறுத்தைக்கும் புலி என்றுதான் பெயர். நாய்க்கறி அதற்குப் பிடிக்கும் என்பதும் லயத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். கயிறு போட்டுவிட்டேன். ஜிம்மி ஒரு மணி நேரம் என் முகத்தையே பார்க்கவில்லை.

என் காலில் அட்டை கடித்து இரத்தம் வழிவதைக் கண்டதும் அதே அம்மா மடியிலிருந்த வெற்றிலைப் பையை அவிழ்த்தார். விரல் நுனியில் கொஞ்சம் சுண்ணாம்பு எடுத்து அட்டை மேல் வைத்தார். அது சுருண்டு விழுந்தது. சவர்க்காரம், உப்பு, புகையிலைத் தண்ணீர் என்று ஆளுக்கொரு வைத்தியம் உண்டு. எனக்குக் கைகண்டது சுண்ணாம்புதான்.

இன்னும் மேலே, கவ்வாத்து வெட்டிய மலையொன்றில் ஜிம்மி நின்று தும்மத் தொடங்கியது. பாதங்களும் மூக்கும் வெள்ளை. டொலமைட். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், மண்ணின் பி.எச். 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருப்பது உத்தமம். ஆனால் ஆண்டுக்கணக்கில் உரம் போடப் போட அந்த அளவையும் தாண்டிப் புளித்துவிடும். அதனால் கவ்வாத்தை ஒட்டி டொலமைட் தூவுகிறார்கள். சுண்ணாம்போடு மக்னீசியமும் செடிக்குக் கிடைக்கும். மூட்டை எங்கிருந்து வருகிறது என்று கங்காணியைக் கேட்டேன். "திகனைப் பக்கம்" என்றார். யாழ்ப்பாண நண்பருக்குப் பதில் கிடைத்துவிட்டது: பள்ளத்துக் கல் லொறி ஏறி மலைக்கு வந்து, மழையோடு கரைந்து, மறுபடி கீழேதான் போகிறது.

லூல்கந்துரையில் எல்லோரும் தேடுவது ஏழாம் நம்பர் மலையை. ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் 1852இல் பதினாறு பதினேழு வயதில் இங்கே வந்தார். 1867இல் அந்த மலையில்தான் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இரண்டே ஆண்டில் கோப்பி இலையில் துரு நோய் கண்டது; கோப்பித் துரைமார் பலர் திவாலாகத் தேயிலை பிழைத்தது. டெய்லர் 1892இல் இறந்து கண்டி மஹியாவை மயானத்தில் கிடக்கிறார். அவர் குடிசையின் புகைபோக்கியும், உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்த கல் இருக்கையும் இங்கே இருக்கின்றன. அந்த 19 ஏக்கரில் குழி வெட்டி நாற்று வைத்தவர்கள் பெயர் மட்டும் எந்தப் பலகையிலும் இல்லை. நாய்க்கும் அதே கதைதான். ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் மரை வேட்டைக்கு வளர்த்த நாய்கள் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே இடம்பிடித்தன. லயத்து நாயைப் பற்றி யார் எழுதினார்?

இறங்கும்போது தும்மல் நிற்கவில்லை. டொலமைட் என்றே நினைத்தேன். ஜிம்மியின் வீட்டு இஸ்தோப்பில் வைத்து அந்த நண்பரின் அம்மா பார்த்தார்: இடது மூக்குத் துளையில் அட்டை. சுண்ணாம்பை மூக்கில் வைக்க முடியாது. அவர் கோப்பையில் தண்ணீர் ஊற்றி, குடிக்கவிடாமல் மூக்கருகே பிடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் மணத்துக்கு அட்டை தலை நீட்டும். துணியால் பிடித்து இழுக்கலாம். நாய்க்கு அவ்வளவு பொறுமை இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜிம்மிக்கு இருந்தது.

அடுத்த வாரம் லூல்கந்துரையிலிருந்து தவலந்தென்னைக்கு. ஜிம்மி வராது. அந்த வழியில் லயத்துக்கு லயம் நாய்கள் உண்டு. ஊர் மாறி வந்த நாயை அவை சும்மா விடாது.

(தொடரும்)