உடல் கிடைக்காத துக்கம்

2014 அக்டோபர் 29, புதன்கிழமை. தீபாவளி முடிந்து சரியாக ஒரு வாரம். இலங்கையின் பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தைக்குப் பக்கத்திலுள்ள மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில், காலை ஏழரை மணியளவில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களின் மேல் இறங்கியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். அந்த மலைச்சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தது. பல நாள் தோண்டியும் பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. அந்தக் குடும்பங்களிடம் "மனசைத் தேத்திக்கங்க, மறந்துடுங்க" என்று சொல்லாதவர் குறைவு. மூளையால் அது முடிகிற காரியமா?

நார்வேயில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆகியோரின் ஆய்வகத்தில் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பெட்டிக்குள் ஓர் இடத்தில் ஒரு பொருள். எலி அங்கே வரும்போதெல்லாம் அதன் மூளையில் சில செல்கள் துடிக்கின்றன. பிறகு பொருளை எடுத்துவிட்டார்கள். வேறு சில செல்கள் அப்போதுதான் விழித்தன: பொருள் முன்பு இருந்த வெற்றிடத்துக்கு எலி வந்ததும் அவை துடித்தன. ஒருமுறை இருமுறை அல்ல, நாட்கணக்கில். இந்த முடிவு 2013-இல் வெளியானது. மூளை இடங்களை எப்படி அறிகிறது என்று கண்டதற்காக மோசர் தம்பதியருக்கும் ஜான் ஓ'கீஃபுக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது 2014 அக்டோபர் 6-இல், மீரியபெத்தை புதைவதற்கு மூன்று வாரம் முன்பு.

எலிக்கு அந்தப் பொருள் மேல் பாசம் கிடையாது. ஆனாலும் துக்கத்தை ஆராயும் அமெரிக்க உளவியலாளர் மேரி-ஃபிரான்சஸ் ஓ'கானர் இந்தச் சோதனையில் நமக்கு ஒரு செய்தியைப் பார்க்கிறார். உயிருக்கு உயிரானவர் எங்கே இருப்பார், எப்போது வருவார் என்று நம் மூளையும் ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. காலையில் கொழுந்துக்குப் போன அம்மா மாலையில் லயத்துக்கு வருவாள். ஆயிரக்கணக்கான மாலைகளில் நிரூபணமான உண்மை இது. அம்மா இறந்துவிட்டாள் என்பது ஒரே ஒரு நாளின் செய்தி. பழைய கணிப்பு தினமும் பொய்த்துப் பொய்த்துத்தான் வரைபடம் மாறும். துக்கம் ஒரு வகைப் படிப்பு என்கிறார் அவர். அதனால்தான் அதற்கு இவ்வளவு காலம் பிடிக்கிறது.

உடல் கிடைக்காதவர்களுக்கு அந்த ஒரு நாளின் செய்தியும் அரைகுறையாகவே வந்து சேர்கிறது. முகம் பார்க்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை, தோளில் தூக்கவில்லை. வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்த பாலின் பாஸ், இதற்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் வைத்தார். அழவும் முடியாது, நம்பிக்கையை விடவும் முடியாது. விட்டால் துரோகம் செய்ததாகத் தோன்றும். இது அவர்களுடைய மனக்கோளாறு அன்று, அவர்கள் மாட்டிக்கொண்ட நிலைமையின் கோளாறு என்று பாஸ் அழுத்திச் சொன்னார். நாட்டின் வடக்கில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களை ஏந்தி உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்கும் இது பொருந்தும்.

நினைக்காமல் இருந்து பார்த்தால்? டேனியல் வெக்னர் 1987-இல் அதையும் சோதித்தார். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று மாணவர்களிடம் சொன்னார். அவர்கள் மனதில் கரடி வந்துகொண்டே இருந்தது. தடையை நீக்கியதும், தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட அதிகமாக வந்தது.

இறந்தவரிடமிருந்து மனதைப் பிரித்தெடுப்பதே துக்கத்தின் வேலை என்று 1917-இல் எழுதியவர் சிக்மண்ட் ஃபிராய்ட். மூன்றே ஆண்டில் அவருடைய மகள் சோஃபி காய்ச்சலில் இறந்தாள். 1929-இல், அவளுடைய பிறந்தநாளன்று, மகனை இழந்த நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், அந்த இடத்தை எதுவும் நிரப்பாது, அது அப்படித்தான் இருக்கவும் வேண்டும் என்ற பொருளில் எழுதினார். கொள்கையைவிட இந்தக் கடிதத்தைத்தான் நான் நம்புவேன். 1990-களில் ஆய்வாளர்களும் இந்தப் பக்கம் வந்தார்கள்: இறந்தவரோடு உறவு முறிவதில்லை, வேறு வடிவத்தில் தொடர்கிறது, அது நோயும் அன்று.

மலையகத்துக்கு இது புதிதில்லை. மாசியில் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கிறது. எரிந்துபோன மன்மதனுக்காக ரதி அழும்போது, பார்க்க வந்தவர்களுக்கும் தங்கள் வீட்டுச் சாவுகள் நினைவுக்கு வரும். ஊரே கூடி அழ ஆண்டுக்கு ஒருமுறை அனுமதி. புராணத்தில் மன்மதன் திரும்புகிறான், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டும். சாவு வீட்டுத் தப்பு மேளம், ஒப்பாரி, எட்டு, கருமாதி எல்லாமே மூளைக்கு 'அவர் போய்விட்டார்' என்று திரும்பத் திரும்பச் சொல்லும் சாட்சிகள் என்றே எனக்குப் படுகிறது. உடல் இல்லாவிட்டாலும் படத்தை வைத்து அவற்றைச் செய்யலாம். செய்ய மனம் வராதவர்களை அவசரப்படுத்தக் கூடாது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் பதுளை மாவட்டத்தில் மறுபடியும் மலைகள் சரிந்தன. இப்படித் துக்கத்தில் இருக்கும் வீடுகள் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. அங்கே துக்கம் கேட்கப் போகிறவர்கள் இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெரும்பாலானவர்களுக்கு மருந்து தேவைப்படாது. ஆறு மாதத்துக்கு மேலாகியும் ஒருவர் ஏக்கத்தில் ஒடுங்கி, சாப்பாடு, வேலை, பிள்ளைகள் எதையும் கவனிக்க முடியாமல் கிடந்தால், அதை 'நீடித்த துக்கக் கோளாறு' என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இப்போது ஏற்கிறது. அதற்குப் பேச்சுவழிச் சிகிச்சை உண்டு. தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி எண் 1926, தமிழிலும் பேசலாம்.