வார்த்தை புரியாத ஓர் ஆல்பம்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தமிழ் வகுப்பு முடிந்து காரில் திரும்பி வரும்போது எனக்கும் என் மகளுக்கும் ஒரு சின்னச் சண்டை. அவளுக்கு 11 வயது. பின்சீட்டில் உட்கார்ந்து பழைய இளையராஜா பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டு வந்தாள். சுருதி சுத்தம், தாளம் சுத்தம், வார்த்தை மட்டும் ஏதோ ஒரு பாஷை. 'மழை' வரவேண்டிய இடத்தில் 'மலை' வந்து நின்றது. நான் சும்மா இருந்திருக்கலாம். "மலை இல்லடா கண்ணு, மழை. என்ன பாடுறோம்னு தெரிஞ்சு பாடணும்" என்றேன். பாட்டு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பல வாரங்கள் அவள் காரில் தமிழ்ப் பாட்டே பாடவில்லை. ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது என் மனைவி பிடித்துக்கொண்டாள். அவள் நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்தவள். "எங்கப்பா கார்ல கேசட் போடுவார். எனக்குப் பாதி வார்த்தை புரியாது. இப்பவும் சில பாட்டுல என்ன சொல்றாங்கன்னு எனக்குத் தெரியாது. தமிழ் எனக்குப் பிடிச்சதே அந்த கேசட்டாலதான். புரிஞ்சு பாடுன்னு அன்னிக்கே யாராவது சொல்லியிருந்தா அப்பவே விட்டிருப்பேன்."

எனக்குச் சுருக்கென்றது. இதைப் படிக்கும் உங்களில் பலரும் அந்தப் பின்சீட்டில் வளர்ந்தவர்கள்தான். நான் ஊரிலிருந்து வந்தவன். அந்த சீட்டில் உட்கார்ந்து பார்த்ததில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். படுத்த பிறகுதான் ஆர்.ஈ.எம். குழுவின் முதல் ஆல்பம் ஞாபகத்துக்கு வந்தது.

2010இல் எம்.எஸ். படிக்க வட கரோலினாவுக்கு வந்தேன். ஜி.ஆர்.ஈ.க்குப் படித்த ஆங்கிலம் வேறு, மளிகைக் கடை கவுண்டரில் காதில் விழுகிற ஆங்கிலம் வேறு. காகிதப் பையா பிளாஸ்டிக் பையா என்று கேட்ட பெண்ணை மூன்று முறை திரும்பச் சொல்ல வைத்தவன் நான். வகுப்பில் எல்லோரும் சிரித்தால் அரை நொடி கழித்துச் சிரிப்பேன். என் ரூம்மேட் இங்கேயே பிறந்து வளர்ந்த பையன். 2011 செப்டம்பர் 21ஆம் தேதி, 31 வருடம் சேர்ந்து இயங்கிய ஆர்.ஈ.எம். தாங்கள் பிரிவதாக அறிவித்தது. அவன் வீட்டில் இழவு விழுந்ததுபோல் உட்கார்ந்திருந்தான். அன்று சாயந்திரம் முழுக்க ஒரே ஆல்பம்தான் ஓடியது.

இரண்டு பாட்டு கேட்டேன். கிட்டார் ஓடுகிறது, மெட்டு அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் பாடுகிறவர் சொல்வதில் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. வழக்கம்போல என் காதுதான் கோளாறு என்று நினைத்து, "என்ன பாடறார்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "தெரியாது. யாருக்குமே தெரியாது" என்றான். அமெரிக்கா வந்து ஒரு வருடத்தில் முதல்முறையாக நானும் அவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

அந்த ஆல்பத்தின் பெயர் 'மர்மர்'. தமிழில் சொன்னால் முணுமுணுப்பு. இதைவிடப் பொருத்தமாக ஒரு பெயர் வைத்திருக்க முடியாது.

ஆர்.ஈ.எம். ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற கல்லூரி ஊரில் உருவான குழு. ரெக்கார்டு கடையில் வேலை பார்த்த பீட்டர் பக்கும், அங்கே இசைத்தட்டு வாங்க வந்த ஓவிய மாணவர் மைக்கேல் ஸ்டைப்பும் நண்பர்களானார்கள். மேக்கன் நகரில் ஒன்றாகப் பள்ளியில் படித்த மைக் மில்ஸும் பில் பெர்ரியும் வந்து சேர்ந்தார்கள். ஸ்டைப் பாட்டு, பக் கிட்டார், மில்ஸ் பேஸ் கிட்டார், பெர்ரி டிரம்ஸ். 1980 ஏப்ரல் 5ஆம் தேதி, வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்தில், ஒரு தோழியின் பிறந்தநாள் விருந்தில்தான் முதல் கச்சேரி. பக் கிட்டார் பிடித்து அப்போது அதிக காலம் ஆகியிருக்கவில்லை. இன்று அந்த தேவாலயத்தில் கோபுரம் மட்டும் நிற்கிறது.

1981இல் ஒரு சின்ன கம்பெனி மூலம் ஒரு சிங்கிள், 1982இல் ஐ.ஆர்.எஸ். என்ற சுயாதீன நிறுவனத்தில் ஐந்து பாட்டு கொண்ட ஒரு தட்டு. அடுத்தது முழு ஆல்பம். நிறுவனம் அனுபவமுள்ள வேறொரு தயாரிப்பாளரிடம் ஒரு பாட்டைப் பரீட்சித்துப் பார்க்கச் சொன்னது. அவர் 'கேட்டபல்ட்' என்ற பாட்டை, தாளக்கட்டை சரிபார்க்கும் கிளிக் ஓசையோடு திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னப் பிழை அவருக்குத் தெரிந்தது. பெர்ரிக்கு டிரம்ஸ் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. பிறகு அவர் அந்தப் பதிவை எடுத்துப்போய் குழுவினர் கேட்காத சிந்தசைசர் ஓசைகளையும் சேர்த்துவிட்டார். எங்கள் தொழிலில் இதைத் தினம் பார்க்கலாம்: டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும், ஆனால் அந்த சாஃப்ட்வேரை யாரும் பயன்படுத்த மாட்டார்கள். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் கார் ஞாபகம் வருகிறது. 'மலை இல்லடா, மழை' என்றவனும் ஒரு கிளிக் ஓசைதானே.

குழுவினர் அடம்பிடித்து, முன்பு தங்களோடு வேலை செய்த மிட்ச் ஈஸ்டரிடமே திரும்பிப் போனார்கள். அவரும் டான் டிக்சனும் சேர்ந்து, 1983இன் தொடக்கத்தில், சார்லட் நகரின் ரிஃப்ளெக்ஷன் ஸ்டுடியோவில் ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். நாங்கள் இப்போது இருப்பதும் சார்லட்தான். இந்த ஊர் என்றால் வங்கி, வங்கிக்கு வேலை செய்யும் நம்ம ஆட்கள், இவ்வளவுதான் என்று நினைத்திருந்த எனக்கு, நான் தினம் போய்வரும் ஊரில்தான் இது பிறந்தது என்று தெரிந்ததே பல வருடம் கழித்துத்தான்.

அவர்கள் சில விஷயங்களில் கறாராக இருந்தார்கள். கிட்டாரை நீட்டி முழக்கும் தனி ஆவர்த்தனம் கூடாது. அந்தக் காலத்து ஃபேஷனான சிந்தசைசர் கூடாது. பக்கின் வாசிப்பைக் கேட்டால் உங்களுக்கே தெரியும். கார்டை மொத்தமாக வாரி அடிக்காமல், கம்பி கம்பியாகப் பிரித்து மணி குலுங்குவதுபோல் உதிர்க்கிறார். கீழே மில்ஸின் பேஸ் சும்மா துணைக்கு நிற்காமல் தனியாக ஒரு மெட்டுப் பாடுகிறது. இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டாரைத் தேடிக் கேட்டுப் பழகிய காதுக்கு இது ரொம்ப நெருக்கம். கோரஸ் வரும்போது மில்ஸும் பெர்ரியும் ஸ்டைப்போடு வேறு வேறு வரிகளைப் பாடுவார்கள். மூன்று குரலும் ஒன்றின் மேல் ஒன்று விழும்போது இருந்த கொஞ்ச நஞ்ச வார்த்தையும் கரைந்துபோகும்.

ஸ்டைப் மற்றவர்கள் கண்ணில் படாமல், ஸ்டுடியோ படிக்கட்டுப் பக்கம் இருட்டில் நின்று பாடினார். ஈஸ்டரும் டிக்சனும் அவரை இழுத்துவந்து 'வார்த்தையைத் தெளிவாகச் சொல்' என்று திருத்தவில்லை. குரலையும் மற்ற வாத்தியங்களோடு இன்னொரு வாத்தியமாகக் கலந்துவிட்டார்கள். இடியோசைபோல் ஒரு சத்தம் 'வீ வாக்' பாட்டில் வரும். பெர்ரி பில்லியர்ட்ஸ் ஆடியபோது பந்துகள் மோதிய சத்தத்தை வேகம் குறைத்துப் போட்டது அது. நம்ம வீட்டுப் பசங்களுக்கு இதைச் சொன்னால் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'பெர்ஃபெக்ட் சர்க்கிள்'. இதில் கிட்டார் பின்னால் போய் பியானோ முன்னால் வருகிறது. ஒரு சுற்றுப்பயணத்தின்போது நியூ ஜெர்சியின் டிரெண்டன் நகரில், கச்சேரி அரங்கின் பின்வாசலில் பக் நின்றுகொண்டிருந்தாராம். பொழுது சாய்கிறது. இருட்டு விழுவதற்குள் கடைசி ஆட்டத்தை முடித்துவிட வேண்டும் என்று சில பிள்ளைகள் பந்தாடிக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஏனென்று தெரியாமல் அழுகை வந்துவிட்டது. அந்த உணர்வைப் பாட்டில் கொண்டுவரச் சொல்லி ஸ்டைப்பிடம் கேட்டார். வந்த பாட்டில் பந்தும் இல்லை, பிள்ளைகளும் இல்லை, அந்திப்பொழுதும் இல்லை. ஆனால் கேட்டுப் பாருங்கள். எனக்கு என்னவோ எங்கள் தெருவில் விளக்கு போடுகிற நேரத்தில் அம்மா வாசலில் வந்து நின்று கூப்பிடுவதுதான் கேட்கிறது. என் மனைவிக்கு டிரெண்டன் பக்கத்து ஊர். அவளுக்கு வேறு ஏதோ கேட்கிறதாம். என்னவென்று சொல்ல மாட்டேன் என்கிறாள்.

இன்னொரு கதை, அடுத்த ஆல்பமான 'ரெக்கனிங்' பதிவின்போது நடந்தது. ஒருநாள் ஸ்டைப் உற்சாகமில்லாமல், குரலே எழும்பாமல் பாடிக்கொண்டிருந்தார். டிக்சன் ஸ்டுடியோவில் கிடந்த ஒரு கிறிஸ்தவ பக்திப்பாட்டுத் தட்டை எடுத்து நீட்டினார். ஸ்டைப் அதன் உறையில் அச்சடித்திருந்த அறிமுகக் குறிப்பை, பாடகர்களின் பெயர் உட்பட, தன் பாட்டின் மெட்டிலேயே முழுசாகப் பாடிவிட்டார். குரல் திறந்துகொண்டது. பிற்பாடு அது 'வாய்ஸ் ஆஃப் ஹெரால்ட்' என்ற பெயரில் வெளியாகி, உண்மையான பாட்டுக்குச் சமமாக ரசிகர்கள் கொண்டாடுகிற ஒன்றாகிவிட்டது. மின்சார பில்லைக் கொடுத்திருந்தாலும் அவர் பாடியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

'மர்மர்' 1983 ஏப்ரலில் வெளியானது. 12 பாட்டு, 44 நிமிடம். அமெரிக்கப் பட்டியலில் 36ஆம் இடம் வரைதான் ஏறியது. ஆனால் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை விமர்சகர்கள், மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' உலகத்தையே கலக்கிக்கொண்டிருந்த அந்த வருடத்தின் சிறந்த ஆல்பமாக இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அட்டையில் ஒரு நிலப்பரப்பு முழுவதையும் மூடிப் படர்ந்த குட்சுக் கொடி. அது ஜப்பானிலிருந்து 1876இல் ஒரு கண்காட்சிக்காக இங்கே வந்த செடி. மண்ணரிப்பைத் தடுக்கும் என்று 1930களில் அரசாங்கமே நடச் சொல்லி ஊக்குவித்தது. இப்போது எங்கள் பக்கம் எந்த நெடுஞ்சாலையில் போனாலும் மரங்களை விழுங்கிக்கொண்டு நிற்கும். தெற்கத்தி மாநிலங்களின் அடையாளமே அதுதான் என்கிறார்கள். வந்தேறிச் செடி!

மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட சில நாள் கழித்து, இந்த ஆல்பத்தை காரில் போட்டேன். மகள் ஒரு வருடமாக கிட்டார் கற்றுக்கொள்கிறாள். 'டாக் அபௌட் த பேஷன்' தொடங்கியதும் ஹெட்போனைக் கழற்றிவிட்டாள். விரல் தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. பாட்டு முடிந்ததும் வந்தது அந்தக் கேள்வி.

"அப்பா, அவர் என்ன பாடறார்?"

"தெரியாதுடா."

"தெரியாதா? எவ்ளோ வருஷமா கேக்கறீங்க?"

"பதினாலு வருஷமா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. கண்ணாடியில் பார்த்தேன். "அப்போ நீங்க மட்டும் புரியாம கேக்கலாம். நான் புரியாம பாடக்கூடாதா?"

சிக்னல் பச்சையானது எனக்குத் தெரியவில்லை. பின்னால் வந்தவர் ஹார்ன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன். "தப்புதான், சாரி" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பாட்டை மட்டும் சத்தமாக வைக்கச் சொன்னாள்.

உங்கள் வீட்டில் போட்டுப் பார்க்க நினைத்தால், கெட்ட வார்த்தை பற்றிய பயம் வேண்டாம். அப்படி எதுவும் இதில் இல்லை. நிதானமாகக் கேட்கிற பிள்ளை என்றால் 'டாக் அபௌட் த பேஷன்', 'பெர்ஃபெக்ட் சர்க்கிள்'. துறுதுறுவென்று இருக்கிற பிள்ளை என்றால் முதல் பாட்டான 'ரேடியோ ஃப்ரீ யூரோப்' அல்லது 'சிட்டிங் ஸ்டில்'. '9-9' எனக்கே இன்னும் பிடிபடவில்லை, அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ராத்திரி எட்டரை மணி. அவள் அறையிலிருந்து சத்தம். "அப்பா! அந்தப் பாட்டுல மழையா, மலையா?"

ஓடிப்போய் அசல் பாட்டைப் போட்டோம். இரண்டு முறை கேட்டோம். உண்மையைச் சொன்னால், பாடகர் அந்த இடத்தில் எதைப் பாடியிருக்கிறார் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கும்பகோணத்தில் அப்போது காலை ஆறு மணி. அப்பா எழுந்து காபி குடித்துக்கொண்டிருப்பார். போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து அவளே கேட்டாள்.

"ரெண்டும் வரும்டா தங்கம்" என்றார் தாத்தா. "மொத சரணத்துல மலை, ரெண்டாவது சரணத்துலதான் மழை. உங்கப்பன் சொல்லலியா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அதற்குள் தாத்தா பல்லவியிலிருந்தே எடுத்துப் பாட ஆரம்பித்துவிட்டார். "தாத்தா, ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று கத்திக்கொண்டே அவள் கிட்டாரை எடுக்க ஓடினாள்.