தபால் முத்திரை: கைக்கட்டையிலிருந்து இயந்திரத்துக்கு வந்த வரலாறு

தபால் தலையின் மீது இடப்படும் முத்திரைக்கு இரண்டு பணிகள் உண்டு. அத்தலையை மீண்டும் பயன்படுத்த இயலாமல் செய்வது ஒன்று; கடிதம் எந்த ஊரில், எந்த நாளில் அஞ்சலில் சேர்ந்தது என்பதற்குச் சான்றாக நிற்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருசேர, விரைவாகச் செய்ய அஞ்சல் துறைகள் பல பத்தாண்டுகள் சோதனை நடத்த வேண்டியிருந்தது.

உலகின் முதல் ஒட்டும் தபால் தலையான 'பென்னி பிளாக்' பிரிட்டனில் 1840 மே 6 முதல் செல்லுபடியானது. அதன் மீது 'மால்டா சிலுவை' வடிவ முத்திரை சிவப்பு மையில் குத்தப்பட்டது. கறுப்புத் தலையில் சிவப்பு மை எடுப்பாகத் தெரியவில்லை. அதை அழிப்பதும் எளிதாக இருந்தது. பயன்படுத்திய தலைகளே மீண்டும் ஒட்டப்பட்டால் அரசின் வருவாய் குறையும் என்ற அச்சம் எழுந்தது. பல வண்ணங்களில் சோதனை அச்சுகள் எடுத்துப் பார்த்த பின்னர், 1841-இல் தலையின் நிறம் செம்பழுப்பாகவும் முத்திரை மை கறுப்பாகவும் மாற்றப்பட்டன. 1844 முதல் ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தனி எண் கொண்ட முத்திரை வழங்கப்பட்டது.

கடிதங்கள் பெருகியபோது கையால் குத்தும் முறை போதவில்லை. அஞ்சல் சீர்திருத்தவாதி ரோலண்ட் ஹில்லின் மகன் பியர்சன் ஹில் உருவாக்கிய முத்திரை இயந்திரம் 1857-இல் லண்டனில் சோதிக்கப்பட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் லீவிட் சகோதரர்களின் இயந்திரம் 1870-களின் பிற்பகுதியில் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே அளவில் இருக்கும் அஞ்சலட்டைகள் இயந்திரத்துக்கு எளிதாக அமைந்தன. உறைகளோ அளவிலும் தடிமனிலும் வேறுபட்டுச் சிக்கல் தந்தன. இத்தகைய சோதனைகளில் பதிந்த முத்திரைகள் குறுகிய காலமே வழங்கியதால், இன்று சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடிப் பெறுகின்றனர்.

இயந்திர முத்திரையில் ஊர்ப்பெயரும் தேதியும் கொண்ட வட்டம் ஒருபுறமும், நீண்ட நேர்கோடுகள் அல்லது அலைக்கோடுகள் மறுபுறமும் இருப்பதற்குக் காரணம் உண்டு. தபால் தலை சற்று விலகி ஒட்டப்பட்டிருந்தாலும் அகன்ற கோடுகள் அதன் மீது விழுந்துவிடும். வட்டமோ உறையின் வெற்றிடத்தில் பதிந்து தெளிவாகப் படிக்கக் கிடைக்கும். பின்னர் கோடுகளின் இடத்தில் வாசகங்களும் இடம்பெறத் தொடங்கின.

இந்தியா முழுமைக்குமான தபால் தலைகள் 1854 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்தன. நாட்டின் புகழ்பெற்ற சிறப்பு முத்திரைகளுள் ஒன்று 1911 பிப்ரவரி 18-க்கு உரியது. அன்று பிரெஞ்சு விமானி ஆன்ரி பெக்கே, அலகாபாத்திலிருந்து யமுனையைக் கடந்து நைனிக்குச் சுமார் 6,500 கடிதங்களை விமானத்தில் கொண்டு சென்றார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமான அஞ்சலாகக் கருதப்படும் அக்கடிதங்களில் அதற்கெனத் தயாரித்த முத்திரை இடப்பட்டது.

முத்திரையின் மதிப்பு சேகரிப்போடு முடிவதில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஏற்புக் கடிதம் அனுப்பியவரின் கைமீறி அஞ்சலில் சேர்ந்ததுமே, முன்மொழிந்தவரைக் கட்டுப்படுத்தும். அந்த நாள் குறித்து வழக்கு எழும்போது, உறையின் மீது தெளிவாகப் பதிந்த சிறு வட்டமே முக்கியச் சான்றாக அமையக்கூடும்.