நெய்வேலி ஆர்ட்டீசிய நீரடுக்கு

நெய்வேலி ஆர்ட்டீசிய நீரடுக்கு என்பது தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிப் படிவுக்குக் கீழே மிகுந்த அழுத்தத்துடன் அடைபட்டுள்ள நிலத்தடி நீர்த்தேக்கம் ஆகும். மின்னுற்பத்திக்காக நிலக்கரியை வெட்டியெடுக்க இதன் அழுத்தம் இடைவிடாது குறைக்கப்படுகிறது. அழுத்தமுள்ள நிலத்தடித் தேக்கம் ஒன்று ஆற்றல் தேவைக்காகத் திறக்கப்படும்போது எவ்வாறு மாறுகிறது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

அமைப்பு

இந்நீரடுக்கு கடலூர் மணற்கல் எனப்படும் பாறைத் தொகுதியைச் சேர்ந்தது. மணற்கல், மணல், களிமண் ஆகியவற்றாலான இத்தொகுதி கடலை நோக்கிச் சரிந்துள்ளது. மேற்கே இது தரையில் வெளிப்படும் பகுதிகளில் மழைநீர் உட்புகுந்து, சரிவில் இறங்கி, நீர் எளிதில் புகாத அடுக்குகளுக்குக் கீழே அடைபடுகிறது. நீர் உட்புகும் பகுதி உயரத்தில் இருப்பதே அழுத்தத்திற்குக் காரணமாகும். இதனால் இப்பகுதியில் முன்னர் இறைக்காமலேயே நீர் பொங்கி வழிந்த ஆழ்துளைக் கிணறுகள் இருந்தன.

சுரங்கமும் அழுத்தமும்

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 இல் தொடங்கப்பட்டது. 1957 இல் சுரங்கப் பணி தொடங்கி, 1961 இல் நிலக்கரிப் படிவு எட்டப்பட்டது. படிவின் அடியில் நீரின் மேல்நோக்கிய அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை இருந்தது. 8 கிலோகிராம் அழுத்தம் என்பது ஒரு சதுர மீட்டரில் 80 டன் விசைக்குச் சமம். மேலுள்ள மண் அகற்றப்பட்டபின், 15 மீட்டர் தடிமனுள்ள நிலக்கரிப் படிவின் எடை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 20 டன்னுக்குள்ளேயே அமையும். எனவே அழுத்தத்தைக் குறைக்காவிடில் சுரங்கத்தின் தரை வெடித்து வெள்ளம் புகும். இதைத் தடுக்க ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து இரவு பகலாக நீர் இறைக்கப்படுகிறது. இறைப்பை நிறுத்தினால் அழுத்தம் மீண்டும் உயரத் தொடங்கும்.

விளைவுகள்

திறந்த நீரடுக்கில் நீர் எடுக்கப்படும்போது மணலின் இடைவெளிகள் வெறுமையாகின்றன. அடைபட்ட நீரடுக்கில் அவ்வாறன்று. அங்கு இடைவெளிகள் நீரால் நிறைந்தே இருக்க, அழுத்தம் மட்டும் வீழ்கிறது. இவ்வீழ்ச்சி கிணற்றைச் சுற்றிக் கூம்பு வடிவில் விரைந்து, நெடுந்தொலைவு பரவுகிறது. இதன் விளைவாகச் சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர்மட்டம் தாழ்ந்து, பொங்கி வழிந்த கிணறுகளுக்கு மோட்டார் தேவைப்பட்டது. வேளாண்மை, தொழிற்சாலை, குடிநீர் ஆகியவற்றிற்கான இறைப்பும் இவ்வீழ்ச்சியில் பங்கு கொள்கிறது. கடலூர் முதுநகர் முதல் சிதம்பரம் வரையுள்ள கடலோரப் பகுதிகளில், நன்னீரின் அழுத்தம் அளவுக்கு மீறிக் குறைந்தால் கடல்நீர் உட்புகும் இடர் உண்டு. மறுபுறம், வெளியேற்றப்படும் சுரங்க நீர் அனல் மின் நிலையங்களுக்கும் பாசனத்திற்கும் பயன்படுகிறது; வாலாஜா ஏரி இந்நீரைப் பெறும் ஏரிகளுள் ஒன்றாகும்.

புவிவெப்பத் தேக்கங்களுடன் ஒப்பீடு

புவிவெப்ப மின்னுற்பத்தியிலும் இதே இயற்பியல் விதி செயற்படுகிறது. ஆனால் அங்கு அழுத்தமே செல்வமாகும். கலிபோர்னியாவின் கெய்சர்ஸ் புலத்தில் 1960 இல் மின்னுற்பத்தி தொடங்கியது. 1980களின் இறுதியில் நீராவி அழுத்தம் வீழ்ந்து உற்பத்தி சரிந்தது. 1997 முதலும், இரண்டாவது குழாய்வழியாக 2003 முதலும், தூய்மைப்படுத்தப்பட்ட கழிவுநீர் தேக்கத்தினுள் செலுத்தப்பட்டு வீழ்ச்சி மட்டுப்படுத்தப்பட்டது. 1958 இல் மின்னுற்பத்தி தொடங்கிய நியூசிலாந்தின் வைராக்கெய் புலத்தில், அழுத்தம் குறைந்ததால் நிலம் ஓரிடத்தில் ஏறத்தாழ 15 மீட்டர் தாழ்ந்தது.

நெய்வேலியில் அழுத்தத்தைக் குறைப்பது நோக்கம். புவிவெப்பப் புலங்களில் அதைக் காப்பது நோக்கம். இரண்டிலும், எடுக்கப்படும் நீர் உட்புகும் நீரைவிட மிகுந்தால், இழப்பு தேக்கம் முழுவதும் பரவுகிறது. சுரங்கத்தைக் காக்கத் தேவையான அளவுக்கு மட்டும் நீர் எடுப்பதும், மேற்கே மழைநீர் உட்புகும் நிலங்களைப் பேணுவதும் இந்நீரடுக்கின் நீடிப்பிற்கு இன்றியமையாதவையாகும்.