முடங்கிய விரல்களும் டாக்டர் பால் பிராண்டும்

கொல்லிமலை என்றவுடன் வல்வில் ஓரியின் கொடையை நினைப்பது தமிழ் பயின்றோர் இயல்பு. அம்மலையில் 1914ஆம் ஆண்டு, ஆங்கிலேயச் சமயப் பணியாளர் இணையருக்குப் பிறந்தவர் டாக்டர் பால் வில்சன் பிராண்ட். ஒன்பது வயதில் கல்விக்காக இங்கிலாந்து சென்ற அவர், மருத்துவம் பயிலுமுன் சில ஆண்டுகள் தச்சும் கட்டடத் தொழிலும் கற்றார். பின்னர் இலண்டனில் அறுவை மருத்துவத்தில் தேர்ச்சி பெற்று, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார்.

செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துச் சென்றதே அவர் வாழ்வின் திருப்பம். நோய் முற்றினால் சதை அழுகி விரல்கள் தாமே உதிரும் என்று மருத்துவரும் நம்பிய காலம் அது. மடங்கிய விரல்களையுடைய நோயாளி ஒருவரிடம் தம் கையைப் பற்றச் சொன்னார் பிராண்ட். அந்தப் பிடியின் வலிமையில் அவருக்கே கை வலித்தது! அப்படியாயின் தசை சாகவில்லை. குறை வேறெங்கோ இருக்கிறது.

ஆராய்ந்தபோது உண்மை புலப்பட்டது. முழங்கையருகிலும் மணிக்கட்டிலும் தோலுக்கு அண்மையில் ஓடும் நரம்புகளையே இந்நோய் பெரிதும் தாக்குகிறது. அதனால் உள்ளங்கையின் சிறுதசைகள் செயலிழக்க, விரல்கள் நகம்போல் வளைகின்றன. முன்கைத் தசைகள் பலவும் நலமாகவே உள்ளன. நலமான தசையொன்றின் தசைநாரைப் பிரித்து, காலிலிருந்து எடுத்த மெல்லிய நாரால் நீட்டி, நான்கு கிளைகளாக்கி நான்கு விரல்களிலும் பொருத்தினார் பிராண்ட். தச்சரின் கணக்கும் மருத்துவரின் கத்தியும் இங்கே கைகோத்தன என்போம்.

விரல்கள் குறைவது ஏன்? துருப்பிடித்த பூட்டைத் திறந்த சிறுவனின் விரல் எலும்பு தெரியக் கிழிந்தும் அவன் உணரவில்லை. உறங்குவோரின் விரல்களை இரவில் எலிகள் கடித்ததும் தெரியவந்தது. வீடு திரும்பும் நோயாளிகளுக்கு அவர் பூனைகளைக் கொடுத்தனுப்பினார். மருந்துச் சீட்டில் எழுத இயலாத மருந்து! வலி என்னும் காவலன் இல்லாமையே கேட்டிற்குக் காரணம் என்று அவர் உலகிற்கு உணர்த்தினார்.

ஆயினும் கை சீரானவருக்கு வேலை கொடுப்பார் இல்லை. நேரான விரல்களைக் கண்டு இரங்குவாரும் இல்லாமையால், பிச்சையும் கிடைக்கவில்லை என ஒருவர் வருந்தினார். அறுவை வென்றும் மனிதன் தோற்ற இந்நிலை பிராண்டை வாட்டியது. அதன்பின் புதுவாழ்வு மையம் எழுந்தது. அங்கே நோயாளிகள் மரப் பொம்மைகள் செய்யக் கற்றனர்; பழைய தச்சுப் பயிற்சி ஆசிரியருக்குக் கைகொடுத்தது.

1960இல் லஸ்கர் விருது பெற்ற அவர், 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பணியேற்றார். உணர்விழந்த நீரிழிவு நோயாளரின் பாதங்களைக் காக்கவும் வேலூர் அனுபவம் அங்கே பயன்பட்டது. கையின் இயக்கவியல் பற்றிய அவரது நூல் 1985இல் வெளிவந்தது. 2003இல் மறைந்தார்.

ஆசிரியர் என்ற வகையில் அவரை அளக்க டாக்டர் மேரி வர்கீஸ் ஒருவரே போதும். 1954இல் விபத்தில் இடுப்பின்கீழ் செயலிழந்த அவ்விளம் மருத்துவரை, அமர்ந்தபடியே செய்யத்தக்கது கை அறுவை எனச் சொல்லி ஊக்கினார் பிராண்ட். சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கிய அவர், பின்னர் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை வளர்த்து, 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.