அழிந்த போட்டோவை மீட்கலாம்... பாட்டியின் முகத்தை ஏ.ஐ-யிடம் ஒப்படைக்கலாமா?

உடுமலைக்குத் தெற்கே, ஆனைமலை அடிவாரத்தில் இருக்கிறது அமராவதி நகர். அணை, முதலைப் பண்ணை, சைனிக் பள்ளி ஆகியவை ஊரின் அடையாளங்கள். வாரம் முழுக்க பனியன் கம்பெனி வேலையிலேயே ஓடும் திருப்பூர் குடும்பங்களுக்கு, காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பிவிடக்கூடிய டூர் இது.

அப்படி ஒரு குடும்பம் வந்துபோனதாக வைத்துக்கொள்வோம். அணைக்கு முன்னால் பாட்டியை நிற்கவைத்துப் படம் எடுத்தாயிற்று. திரும்பும் வழியில் போனில் இடமில்லை என்று பேரன் எதையோ அழிக்கப்போக, டூர் படங்கள் மொத்தமும் காலி! பாட்டிக்கு எண்பது வயது. இன்னொரு முறை அவரை அழைத்து வர முடியுமா என்பது சந்தேகம்தான்.

அந்தப் படம் திரும்பக் கிடைக்குமா? கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால், அடுத்து நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே அது அமையும்.

முதலில் தேட வேண்டிய இடம்

பதற்றத்தில் எந்த ஆப்பையும் டவுன்லோடு செய்யாதீர்கள். கூகுள் போட்டோஸில் 'ட்ராஷ்' பகுதியைத் திறந்து பாருங்கள். பேக்கப் ஆன படங்கள் அங்கே 60 நாள்களும், ஆகாதவை 30 நாள்களும் இருக்கும். ஐபோனில் 'ரீசன்ட்லி டெலிட்டட்' ஆல்பத்தில் 30 நாள்கள் வரை இருக்கும். அங்கும் இல்லையென்றால், ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் யாருக்காவது அனுப்பியிருக்கிறீர்களா என்று கேளுங்கள். பாதிப் பிரச்னை இங்கேயே தீர்ந்துவிடும்.

மெமரி கார்டா, போன் மெமரியா?

கேமராவின் மெமரி கார்டில் ஒரு படத்தை அழித்தால், படம் உடனே போய்விடாது. புத்தகத்தின் பொருளடக்கத்தில் ஒரு வரியை அடித்துவிட்டு, பக்கத்தை அப்படியே விட்டுவைப்பது போலத்தான். அந்த இடத்தில் புதிய படம் பதிவாகும் வரை பழையது உள்ளேயே இருக்கும். அதனால் உடனே கார்டைக் கழற்றிவிடுங்கள். 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால், 'நோ' சொல்லுங்கள்.

பிறகு கார்டு ரீடர் மூலம் கம்ப்யூட்டரில் இணைத்து, 'போட்டோரெக்' போன்ற இலவச மென்பொருளை ஓட்டலாம். ஒவ்வொரு ஜேபெக் படமும் தொடங்கும் இடத்தில் குறிப்பிட்ட ஓர் அடையாளம் இருக்கும். அதைத் தேடித் தேடிப் படங்களை வெளியே எடுக்கிறது இந்த மென்பொருள். பழைய ஃபைல் பெயர்கள் திரும்ப வராது, படங்கள் வரும். மீட்டவற்றை அதே கார்டில் சேமிக்கக் கூடாது என்பது முக்கியம்.

போனின் சொந்த மெமரி என்றால் கதை வேறு. இன்றைய ஆண்ட்ராய்டு, ஐபோன்களில் தகவல்கள் பூட்டப்பட்ட நிலையில்தான் பதிவாகின்றன. ட்ராஷிலிருந்தும் அழிந்த படத்தை மீட்பது அநேகமாக முடியாது. 'எல்லாவற்றையும் மீட்டுத் தருகிறோம்' என்று சொல்லும் பல ஆப்கள், போனில் மிஞ்சியிருக்கும் குட்டிப் படங்களைத்தான் எடுத்துக் காட்டுகின்றன. பணம் கட்டும் முன் யோசியுங்கள்.

சின்னப் படம் பெரிதாகுமா?

கடைசியில் கையில் இருப்பது வாட்ஸ்அப்பில் வந்த சின்னப் படம் மட்டும்தான் என்று வையுங்கள். அதைப் பெரிதாக்குவதில் உள்ள சிக்கல், டி-ஷர்ட் பிரின்டிங் செய்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். 10 அங்குல அகலத்துக்குத் தெளிவாக அச்சிட, அங்குலத்துக்கு 300 வீதம் 3,000 பிக்ஸல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தின் நீளமான பக்கமே சுமார் 1,600 பிக்ஸல்தான். 'ஹெச்டி'யாகவோ, 'டாக்குமென்ட்' ஆகவோ அனுப்பச் சொல்வது இதனால்தான்.

பற்றாக்குறையை நிரப்ப 'அப்ஸ்கேல்' போன்ற இலவச ஏ.ஐ மென்பொருள்கள் இருக்கின்றன. இது உங்கள் கம்ப்யூட்டரிலேயே இயங்கும். படத்தை இணையத்தில் ஏற்றத் தேவையில்லை. பூ, லோகோ, மலைக்காட்சி என்றால் பெரும்பாலும் நன்றாகவே வரும்.

முகம் என்றால்தான் கவனம் தேவை. இல்லாத பிக்ஸலை ஏ.ஐ தேடி எடுப்பதில்லை. தான் பார்த்துப் பழகிய ஆயிரக்கணக்கான படங்களை வைத்து யூகித்து வரைகிறது. 2020-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய 'பல்ஸ்' என்ற மென்பொருளில் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது, வந்தது ஒரு வெள்ளைக்காரரின் முகம்! தொழில்நுட்பம் அதன்பிறகு வளர்ந்திருக்கிறது. ஆனால், யூகம் இன்னும் யூகம்தான். பாட்டியின் கன்னத்து மச்சத்தை அது அழுக்கு என்று துடைத்துவிடலாம். மூக்குத்தி காணாமல் போகலாம்.

அதனால் நான்கு மடங்குக்குப் பதில் இரண்டு மடங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வந்ததைப் பழைய படத்தோடு பக்கத்தில் வைத்து, பாட்டியை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். 'இது அவங்க இல்லையே' என்று அவர் சொன்னால், படம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் பயனில்லை. மங்கலாக இருந்தாலும் ஒரிஜினலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

அடுத்த டூர் முடிந்து வந்த இரவே படங்களை இன்னோர் இடத்தில் காப்பி எடுத்துவையுங்கள். பிடித்த ஒன்றை ஸ்டூடியோவில் பிரின்ட் போடுங்கள். பாட்டியும் அதைக் கையில் வாங்கிப் பார்க்கலாமே!