கம்ப்யூட்டர் திக்கித் திணறுதா? ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி இதை செக் பண்ணுங்க!

பட்டனை அழுத்திவிட்டு டீ போட்டுக் குடித்து முடித்தாலும் டெஸ்க்டாப் திரை வருவதில்லை. ஒரு ஃபைலைத் திறந்தால் நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வீடியோ ஓடும்போது நடுநடுவே நின்று, 'டர்ர்' என்று சத்தம் இழுக்கிறது. இப்படி ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்ததும் பெரும்பாலானோர் சொல்வது ஒன்றுதான்: "வைரஸா இருக்கும், ஃபார்மேட் போட்டுருங்க."

கொஞ்சம் பொறுங்க. ஸ்லோவாக இருப்பதற்கு எப்போதும் வைரஸோ விண்டோஸோ காரணம் இல்லை. உள்ளே இருக்கும் ஒரு பாகம் பழுதாகிக்கொண்டிருப்பதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம். அந்தப் பாகம் ஹார்டு டிஸ்க்காக இருந்தால், ஃபார்மேட் போட்ட அந்த நிமிஷமே குடும்ப போட்டோக்கள், கடைக் கணக்கு, பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எல்லாம் கையை விட்டுப் போய்விடும்.

எந்தப் பாகத்தில் கோளாறு என்பதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்க முடியும். எப்படி? பார்க்கலாம்.

முதல் வேலை: காப்பி எடுங்க

எந்த டெஸ்ட்டும் செய்வதற்கு முன்னால், முக்கியமான ஃபைல்களை பென் டிரைவிலோ, வெளி ஹார்டு டிஸ்க்கிலோ, கூகுள் டிரைவ் போன்ற ஆன்லைன் சேமிப்பிலோ போட்டு வையுங்கள். முழு டிஸ்க்கையும் காப்பி செய்ய வேண்டாம். திரும்பக் கிடைக்காதவை எவையோ அவற்றை முதலில் எடுங்கள். சினிமாவை மறுபடி டவுன்லோடு செய்துகொள்ளலாம், கல்யாண போட்டோவை முடியாது.

இதை ஏன் முதலில் செய்ய வேண்டும்? பழுதாகும் டிஸ்க்கை முழுவதும் படித்துப் பார்க்கும் எந்தச் சோதனையும் அதற்குக் கூடுதல் சுமை. 'செக் டிஸ்க்' ஓடவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். சாகும் நிலையில் உள்ள டிஸ்க்குக்கு அதுவே கடைசி அடியாக அமைந்துவிடலாம்.

அறிகுறியே பாதி பதில்

திணறல் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. உற்றுக் கவனித்தால் வித்தியாசம் தெரியும்.

* மவுஸ் அம்பு நகர்கிறது, ஆனால் கிளிக் செய்தால் எதுவும் திறப்பதில்லை. சில விநாடி கழித்து எல்லாம் மொத்தமாகத் திறக்கிறது என்றால், பெரும்பாலும் டிஸ்க் மீது சந்தேகம்.
* ஆன் செய்ததும் நன்றாக ஓடுகிறது, கேம் அல்லது வீடியோ எடிட்டிங் ஆரம்பித்து 10, 15 நிமிடத்தில் படுத்துவிடுகிறது என்றால், சூடு மீது சந்தேகம்.
* பிரவுசரில் டேப் கூடக் கூட ஸ்லோவாகி, மூடியதும் சரியாகிறது என்றால், ரேம் போதவில்லை.
* திடீர் திடீரென்று நீலத் திரை வருகிறது, புரோகிராம்கள் தானாக மூடிக்கொள்கின்றன என்றால், ரேம் பழுதாகவும் இருக்கலாம்.
* ஸ்லோவாவதை விட அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்றால், மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மீது சந்தேகம்.

இவை சந்தேகங்கள்தான், தீர்ப்பு அல்ல. உறுதி செய்ய அடுத்த படிக்குப் போக வேண்டும்.

5 நிமிட சோதனை: டாஸ்க் மேனேஜர்

கீபோர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போனால் சிபியு, மெமரி, டிஸ்க் என்று தனித்தனி வரைபடங்கள் ஓடும்.

ஒரு விஷயம்: நாம் வழக்கமாக 'சிபியு' என்று சொல்வது மேசைக்குக் கீழே இருக்கும் பெட்டியை. இங்கே சிபியு என்றால் உள்ளே இருக்கும் ப்ராசஸர் சிப் மட்டும்தான்.

கம்ப்யூட்டரை ஆன் செய்து 15 நிமிடம் சும்மா விட்டுவிட்டு இதைப் பாருங்கள். ஆன் ஆனவுடன் விண்டோஸ் அப்டேட், ஆன்டிவைரஸ் எல்லாம் ஓடும் என்பதால் அப்போது வரும் கணக்கை நம்ப முடியாது.

டிஸ்க் 100 சதவீதம் காட்டுதா?

பழைய டெஸ்க்டாப் என்றால் முதல் குற்றவாளி பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்தான். எஸ்எஸ்டி போல அல்லாமல், ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுழல்கிறது. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் டிஸ்க், ஒரு சுற்று முடிக்கவே சுமார் 8 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும். நல்ல ஹார்டு டிஸ்க்கே எஸ்எஸ்டியை விடப் பல மடங்கு மெதுவானது.

பழுதானால் நிலைமை இன்னும் மோசம். தட்டில் ஒரு இடம் கெட்டுப்போனால், டிஸ்க் அதே இடத்தை மறுபடி மறுபடி படிக்க முயற்சி செய்யும். அது முடியும் வரை விண்டோஸ் காத்திருக்கும். திரை சில விநாடி உறைந்து போவதற்கு இதுதான் காரணம்.

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று நிற்கிறது, ஆனால் படிக்கும், எழுதும் வேகம் மிகக் குறைவாக இருக்கிறது, 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' பல நூறு மில்லி விநாடிகளில் நிற்கிறது என்றால் ஜாக்கிரதை.

அடுத்து, 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச புரோகிராமைப் போட்டுப் பாருங்கள். டிஸ்க் தன் உடல்நிலை பற்றி தானே எழுதி வைத்திருக்கும் 'ஸ்மார்ட்' பதிவை இது காட்டும். நீல நிறம் என்றால் நன்றாக உள்ளது, மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் ஆபத்து.

ஹார்டு டிஸ்க்கில் முக்கியமாகப் பார்க்க வேண்டிய வரிகள்: 05, சி5, சி6. இவை கெட்டுப்போன, படிக்க முடியாத இடங்களின் எண்ணிக்கை. பூஜ்ஜியமாக இருந்தால் நல்லது. நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள்.

கூகுள் பொறியாளர்கள் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டனர். பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை காட்டிய டிஸ்க், அடுத்த 60 நாளில் செயலிழக்கும் வாய்ப்பு, பிழை காட்டாத டிஸ்க்கை விட 39 மடங்கு அதிகம் என்று அதில் கண்டறிந்தனர்.

அதே ஆய்வில் இன்னொரு பக்கமும் உண்டு. செயலிழந்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூட முன்கூட்டியே காட்டவில்லை. அதனால் நீல நிறம் வந்துவிட்டது, காப்பி எடுக்க வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது.

டிஸ்க் நல்லது, கேபிள் கெட்டது!

ஸ்மார்ட் பட்டியலில் சி7 என்ற வரி மட்டும் கூடிக்கொண்டே போகிறதா? அப்படியானால் டிஸ்க்கை மாற்ற ஓடாதீர்கள். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் போகும் சாட்டா கேபிளில் தகவல் சிதைகிறது என்று அர்த்தம். கேபிளைக் கழற்றி இறுக்கமாக மாட்டுங்கள், அல்லது புது கேபிள் போடுங்கள். பழைய எண்ணிக்கை அழியாது. ஆனால் அதற்கு மேல் ஏறாமல் நின்றுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிட்டத்தட்ட நிரம்பிய எஸ்எஸ்டி, பழுதில்லாமலேயே ஸ்லோவாகும். கொஞ்சம் இடம் காலியாக வைத்துப் பாருங்கள்.

ரேம் செய்யும் மாயம்

டிஸ்க் 100 சதவீதம் காட்டினாலே டிஸ்க்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மெமரி வரைபடத்தையும் பாருங்கள். ரேம் நிரம்பிவிட்டால், விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும். வேலை செய்வது டிஸ்க், பஞ்சம் ரேமுக்கு. மெமரி 90 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது என்றால் ரேமைக் கூட்டினால்தான் தீரும்.

8 ஜிபி போட்ட கம்ப்யூட்டரில் 4 ஜிபி மட்டும் காட்டுகிறதா? ஒரு ரேம் ஸ்டிக் லூஸாகியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்டிக்கைக் கழற்றி, தங்க நிறத்தில் இருக்கும் முனையை பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளை ஊதிவிட்டு, 'கிளிக்' சத்தம் கேட்கும் வரை அழுத்தி மாட்டுவது சர்வீஸ் கடைகளில் தினமும் நடக்கும் வைத்தியம்.

ரேம் பழுதா என்று பார்க்க விண்டோஸிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' வசதி உண்டு. ஸ்டார்ட் மெனுவில் தேடினால் கிடைக்கும். இரண்டு ஸ்டிக் இருந்தால், ஒவ்வொன்றாக மட்டும் போட்டு ஓட்டிப் பார்ப்பதும் நல்ல வழி.

சூடானால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைக்கும்

ப்ராசஸர் கருகிவிடாமல் இருக்க ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. குறிப்பிட்ட வெப்ப எல்லையை நெருங்கியதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பல இன்டெல் ப்ராசஸர்களில் அந்த எல்லை சுமார் 100 டிகிரி செல்சியஸ்.

டாஸ்க் மேனேஜரின் சிபியு பகுதியில் 'பேஸ் ஸ்பீடு' என்று ஒரு கணக்கும், இப்போதைய வேகம் ஒரு கணக்கும் இருக்கும். சிபியு முழு வேலையில் இருக்கும்போது இப்போதைய வேகம், பேஸ் ஸ்பீடை விட ரொம்பக் கீழே இறங்கினால் சூடுதான் முதல் சந்தேகம். 'ஹெச்டபிள்யூ இன்ஃபோ' என்ற இலவச புரோகிராமில் வெப்ப அளவை நேரடியாகப் பார்க்கலாம்.

பெட்டியைத் திறந்தால் காரணம் கண்ணுக்கே தெரியும். ஃபேனுக்கு அடியில் பஞ்சு மெத்தை போல தூசி படிந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷாலோ ப்ளோயராலோ சுத்தம் செய்யுங்கள். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் இருக்கும் தெர்மல் பேஸ்ட் வருடக்கணக்கில் காய்ந்து போயிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இன்டெல் கூலரில் உள்ள நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று கழன்றிருந்தாலும் சூடு ஏறும்.

எஸ்எம்பிஎஸ்: இதை மட்டும் திறக்காதீங்க

எஸ்எம்பிஎஸ் பலவீனமானால் பொதுவாக ஸ்லோவாகாது, ரீஸ்டார்ட் ஆகும். ஆனால் டிஸ்க்குக்குச் சரியான மின்சாரம் போகாவிட்டால் அது நின்று நின்று மறுபடி சுழலும். அப்போதும் திணறல் வரும்.

12 வோல்ட் லைனில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரை இருப்பது சரி. மல்டிமீட்டர் வைத்திருக்கும் மெக்கானிக் இதை உடனே சொல்லிவிடுவார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். அதை வீட்டில் திறக்கவே கூடாது. மதர்போர்டில் உருளை வடிவ கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று கண்ணால் மட்டும் பாருங்கள். உப்பியிருந்தால் கடைக்குத்தான் போக வேண்டும்.

விண்டோஸா, ஹார்டுவேரா? ஒரு பென் டிரைவ் சொல்லிவிடும்

உபுண்டு போன்ற இலவச லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் 'ட்ரை' என்ற வசதியில் ஓட்டலாம். இதற்கு உள்ளே இருக்கும் டிஸ்க் தேவையில்லை. பென் டிரைவை எழுதும்போது அதில் உள்ளதெல்லாம் அழியும் என்பதால் காலியானதையே எடுங்கள்.

அதில் வேலைகள் தடங்கலின்றி ஓடினால் கோளாறு டிஸ்க்கிலோ விண்டோஸிலோ இருக்கிறது. அதிலும் திணறினால் ரேம், சூடு, மதர்போர்டு பக்கம் தேட வேண்டும். விண்டோஸே திறக்காத நிலையில், ஃபைல்களைக் காப்பி எடுக்கவும் இதே வழி பல நேரம் கைகொடுக்கும்.

கடைக்குப் போனால் என்ன சொல்லணும்?

டிஸ்க்குக்குள் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால், எந்த டெஸ்ட்டும் வேண்டாம். உடனே ஆஃப் செய்துவிடுங்கள். உள்ளே உள்ள தகவல் முக்கியம் என்றால், டேட்டா மீட்டெடுக்கும் வல்லுநரிடம் கொடுப்பதுதான் சரி.

மற்றபடி கடைக்குக் கொண்டுபோகும்போது "ஸ்லோவா இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது ஸ்லோவாகிறது, டாஸ்க் மேனேஜர் என்ன காட்டியது, ஸ்மார்ட் பதிவில் என்ன இருந்தது என்று மொபைலில் போட்டோ எடுத்துக் காட்டுங்கள். "என்னைக் கேட்காம ஃபார்மேட் போடாதீங்க" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பாகம் மாற்றினால் பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பழைய டிஸ்க்கில் இருப்பது உங்கள் தகவல்.

புது கம்ப்யூட்டரே வாங்கிவிடலாமா என்று யோசிப்பவர்களுக்கு: ஹார்டு டிஸ்க்கில் ஓடும் பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸை எஸ்எஸ்டிக்கு மாற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியும். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு குறைந்தது 4 ஜிபி ரேம், டிபிஎம் 2.0, மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்ட ப்ராசஸர் ஆகியவை வேண்டும். செலவு செய்வதற்கு முன் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்ற வேண்டியது சில நேரம் ஒரு கேபிளாக இருக்கும், சில நேரம் ஒரு டிஸ்க்காக இருக்கும். எதுவாக இருந்தாலும் கடையில் புதிதாக வாங்கிவிடலாம். உள்ளே சேர்த்து வைத்ததை வாங்க முடியாது. அதனால் கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்த அன்றைக்கே காப்பி எடுத்துடுங்க.